ஆசீர்வாதம் தேடிய பூட்டன்

அன்றைக்குத் தாராவிக் கோயிலின் பக்க அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலில் குருவானவர், எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் அவரை ஐயர் என்றுதான் சொல்வோம். பெண்ணின் தகப்பனார் ஆசீர்வாதம், டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கீப்பர், வீடு செம்பூரில். அவர் சம்சாரம் லேயாள். மாப்பிள்ளைப் பையன் தேவராஜ், மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் பிட்டர். தேவராஜுடைய தாத்தாவின் தங்கை எஸ்தராள், அவன் வீட்டுக்குப் பெரியவள், தாராவியில் காலையில் இட்லி வியாபாரம். ஆறாவது நான், கோயில்குட்டி. கோயிலைத் திறந்து பெருக்கி, மணியடித்து, பதிவேடுகளுக்குக் காவல் இருக்கிறவனுக்கு எங்களில் அந்தப் பேர்.

கலியாணப் பெண் மெர்சியை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவள் வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலோரம் நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது.

நான் வேலையை விட்டு, நெருளில் மகன் வீட்டோடு இருக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் சபைப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். பழைய பதிவேடுகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். இனிமேல் யார் வேண்டுமானாலும் பூட்டன் பேரைத் தட்டினால் அவருடைய ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் திரையில் வந்து நிற்குமாம். அதையொட்டி நான் பார்த்த வேலையைப் பற்றிச் சபை மலருக்கு எழுதித் தரவேண்டும் என்றார்கள். சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டன் வந்து நிற்பார், சரி; யாருக்கு நிற்பார், யாருக்கு நிற்காமல் போவார் என்று அந்தப் பிள்ளைகள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் மற்ற விஷயங்களைச் சுருக்கிக்கொண்டு ஆசீர்வாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அப்பா இறந்ததும் தாய்மாமா என்னைத் தாராவிக்கு அழைத்துவந்து தோல் பதனிடும் கிட்டங்கியில் சேர்த்துவிட்டார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கையும் காலும் வெந்து போயின. கோயிலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். தமிழ் வாசிப்பேன், பழைய தமிழ் எண்களும் தெரியும், குடிக்க மாட்டேன். அவ்வளவுதான் என் தகுதி.

பதிவேடுகள் ஒரு மர அலமாரியில் இருந்தன. கோயில் கட்டுவதற்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தகரக் கொட்டகையில் ஜெபம் நடந்த காலத்திலிருந்து எல்லாம் அதில் உண்டு. எனக்கோ எதற்கெடுத்தாலும் பயப்படும் சுபாவம். மழைக்காலம் வந்தால் கூரை ஒழுகுமோ என்று பயம், வெயில் காலத்தில் கரையான் பயம், பூட்டிவிட்டு வந்தபிறகு பூட்டினோமா என்று பயம். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை நடந்துவிட்டு, மறுபடி கோயிலுக்குத் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. ஒரு காகிதம் கெட்டுப்போனால் ஒரு மனுஷன் பிறக்காமலே போய்விடுவான் என்று நினைப்பேன். என் சம்சாரம், “மத்தவன் பெஞ்சாதிய நெனச்சு உருகுவான், இந்த மனுஷன் புஸ்தகத்த நெனச்சு உருகுதாரு” என்று பக்கத்து அறைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்போதிருந்த ஐயர் மெலிந்த மனுஷர், சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. பதிவேட்டைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைப்பார். விரலை எச்சில்படுத்தித் தாளைப் புரட்டினால் முறைத்துப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் இரண்டு நாள் வருந்துவேன். வரிக்கு அடியில் மர அளவுகோலை வைத்து, முதலில் மனசுக்குள் ஒருதரம், பிறகு வாய்விட்டு ஒருதரம் வாசிப்பார். வாசித்ததும், “எழுதியிருக்கிறது இவ்வளவுதான்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார்.

ஒருதரம் மில் வேலைக்கு வயது அத்தாட்சி கேட்டு ஒருவர் வந்தார். அவர் பேரும் தகப்பன் பேரும் இருந்தன, பிறந்த தேதி மட்டும் மை பரவிப்போயிருந்தது. ஞானஸ்நானத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் என்று போட்டுக்கொடுத்தால் என்ன, பாவம் பிள்ளைகுட்டிக்காரர் என்று நான் சொன்னேன். ஐயர் கோபப்படவில்லை. “நீர் போடுற தேதியில அவரைப் பெத்தது யாரு?” என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷருக்கு வேலை கிடைக்கவில்லை.

தேடிப் பார்க்க ஒரு வருஷத்துக்கு நாலணா கட்டணம். நான் அலமாரியிலிருந்து எடுத்து வைப்பேன், ஐயர் வாசிப்பார், நான் ரசீது போடுவேன். ரசீது போட்ட கணக்கு வருஷக் கடைசியில் சபைக் கமிட்டிக்குப் போகும்.

ஆசீர்வாதம் வந்தது அறுபதுகளின் நடுவில். மடித்த சட்டை, சட்டைப்பையில் பேனா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறை வாசலில் நிற்பார். அவர் தகப்பனார் புனாவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா பேர் மாசிலாமணி, தாத்தாவைப் பெற்ற பூட்டன் பேர் ஞானாபரணம், தாராவியில்தான் முதலில் வந்து இறங்கினார்கள் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆலையில் கூட வேலை பார்க்கிறவர்கள், நேற்று வந்த மதராஸி என்று சொல்லிக்காட்டுவதாக ஒருநாள் என்னிடம் சொன்னார். “அண்ணாச்சி, எங்க பூட்டன் இந்த மண்ணுல புதைஞ்சு கெடக்காருன்னு நான் காட்டணும்” என்றார். காசை முதலில் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் தேடினோம். ஞானாபரணத்தின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து சபை மாற்றக் கடிதத்தோடு வந்து சேர்ந்ததைக் கண்டுபிடித்தோம்: ஞானாபரணம், மனைவி அன்னம்மாள், மகன்கள் மாசிலாமணி, பாக்கியநாதன். தொழில், தோல் கிட்டங்கிக் கூலி. பிறகு மற்றவர்களுடைய கலியாணங்களில் அவர் சாட்சியாக நின்ற இடங்கள் கிடைத்தன. முதல் கலியாணத்தில் அவர் போட்டது ஒரு சிலுவைக் கீறல், பக்கத்தில் வேறொருவர் எழுத்தில் அவர் பேர். அடுத்த கலியாணத்திலும் கீறல்தான். சில வருஷம் கழித்து வந்த கலியாணத்தில், கோணல்மாணலாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, அவரே ‘ஞானாபரணம்’ என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை ஆசீர்வாதம் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நடுவில் யாரோ அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தொட்டியில் நின்று தோலை மிதித்துவிட்டு வந்து அவர் எழுதிப் பழகியிருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். அந்தத் தொட்டி எனக்குத் தெரியும். கடைசியில் அடக்கப் பதிவு கிடைத்தது. காய்ச்சலில் போயிருக்கிறார். கல்லறை வரிசை எண்ணும் இருந்தது.

ஆசீர்வாதம் எல்லாவற்றையும் நாலு தாளில் அழகாக எழுதி, சபையின் பிரதிஷ்டை நாளில் ஐயரிடம் அனுமதி கேட்டு எல்லார் முன்பும் வாசித்தார். கோயில் சுவரில் பூட்டன் பேருக்கு ஒரு சலவைக்கல் பதிக்கவும் நினைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் அவர் மகள் மெர்சிக்கும் தேவராஜுக்கும் சம்பந்தம் முடிவாகியிருந்தது. பையனும் பெண்ணும் பாடகர் குழுவில் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். தேவராஜ் ஆசீர்வாதத்தை ‘மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் அறிக்கை செய்வார். முதல் ஞாயிறு வாசித்தார். இரண்டாம் ஞாயிறு வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தராள் எழுந்து நின்றாள். ஆராதனையில் தடை சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சொன்னதன் சாரம் இது. ஆசீர்வாதம் வாசித்த நாலு தாளில் வந்த பாக்கியநாதன் அவளைப் பெற்ற தகப்பன். தேவராஜுக்குத் தாத்தாவின் தகப்பன். பாக்கியநாதனுக்கு ஓர் அண்ணன் உண்டு, சொத்துத் தகராறில் புனாவுக்குப் போய்விட்டார் என்று அவள் சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறாள், பேர் தெரியாது. அந்த அண்ணன்தான் மாசிலாமணி என்று ஆசீர்வாதமே இப்போது வாசித்துக் காட்டிவிட்டார். அப்படியென்றால் இரண்டு வீடும் அண்ணன் தம்பி வழிப் பங்காளி வீடு. ஆசீர்வாதம் தேவராஜுக்கு மாமா ஆக முடியாது, பெரியப்பா. மெர்சி அவனுக்குத் தங்கச்சி.

“மூணு தலைமொறை போச்சுன்னா தங்கச்சி பெஞ்சாதி ஆயிருவாளா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மூன்று தலைமுறை இல்லை, பத்துத் தலைமுறை ஆனாலும் பங்காளி பங்காளிதான். அதில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. ஐயர் ஓலையை நிறுத்திவைத்தார். அந்த வாரத்திலிருந்து தேவராஜ் ஆசீர்வாதத்தை மாமா என்றும் கூப்பிடவில்லை, பெரியப்பா என்றும் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ஆசீர்வாதம் ஐயரிடம் வந்தார். ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். ஐயர் யோசித்துவிட்டு, இரண்டு சகோதரர்களும் ஊர்ச் சபையில்தான் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும், அந்தப் பதிவை வரவழைத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றார். அவருக்கே அதில் என்ன இருக்கும் என்று தெரிந்திருக்காது. முறைப்படி பார்க்கவேண்டியதைப் பார்த்துவிடவேண்டும் என்பது அவர் குணம். ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதினோம். தேடும் செலவையும் நகல் செலவையும் நம் சபையே மணியார்டர் அனுப்பியது, பிறகு ஆசீர்வாதம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. ஒரு மாதம் போல ஆனது. தபால்காரர் கோயில் பக்கம் திரும்பினாலே வாசலுக்கு ஓடுவேன்.

உறை வந்த அன்றைக்குத்தான் முதலில் சொன்ன ஆறு பேரும் கூடினோம்.

ஐயர் கையைக் கழுவிவிட்டு வந்து உறையைக் கத்தியால் பிரித்தார். இரண்டு நகல். அளவுகோலை வைத்து மனசுக்குள் வாசித்தார். பிறகு வாய்விட்டு வாசித்தார். பாக்கியநாதன், தகப்பன் ஞானாபரணம், தாய் அன்னம்மாள், பிறந்தது ஜூன் மாதம், ஞானஸ்நானம் அடுத்த மாதமே. மாசிலாமணி, தகப்பன் ஞானாபரணம், தாய் அன்னம்மாள், பிறந்தது அதே வருஷம் ஜனவரி முதல் தேதி, ஞானஸ்நானம் இரண்டு வருஷம் கழித்து. இரண்டிலும் தாய் தகப்பன் பேர் ஒன்றாகவே இருந்ததால் ஆசீர்வாதம் முகம் தொங்கிப்போயிற்று. எஸ்தராள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நான் சொன்னது சரிதானே என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“எழுதியிருக்கிறது இவ்வளவுதான்” என்றார் ஐயர்.

அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த லேயாள், திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐயர் வாசித்தார். லேயாள் விரலை மடக்கினார்.

“ஜனவரில ஒண்ணு, ஜூன்ல ஒண்ணா? நானும் நாலு பெத்தவ, ஐயா. ஒரு வயித்துல அது எப்படி நடக்கும்?”

ஆண்கள் நாங்கள் நாலு பேரும் பேரைப் பார்த்தோமே தவிர மாதத்தைப் பார்க்கவில்லை. ஐயர் மறுபடி அளவுகோலை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தன் வழக்கத்துக்கு மாறாக, எழுதாத ஒன்றைச் சொன்னார். அது பெரிய பஞ்ச காலம். பெற்றவர்கள் செத்துப்போன பிள்ளைகளைச் சபைக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தார்கள். எடுத்தவர் பேரையே தகப்பன் பேராக எழுதுவதும் உண்டு. பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்கு வருஷத்தின் முதல் தேதியைப் போட்டுவிடுவார்கள். சொந்தப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் மூத்த பிள்ளையை இரண்டு வருஷம் வைத்திருக்கக் காரணம் இல்லை.

அதாவது மாசிலாமணி ஞானாபரணத்தின் ரத்தம் இல்லை. தடையும் இல்லை. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மெர்சி குழாயில் தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

ஆசீர்வாதம் எழுந்தார். எழுதினவன் வருஷத்தைத் தப்பாக எழுதியிருப்பான், பஞ்ச காலத்தில் யாருக்குக் கை சரியாக இருந்திருக்கும் என்றார். ஐயர், “இருக்கலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் ஆசீர்வாதத்தின் தலையிலேயே தூக்கி வைத்துவிட்டது. பிழை என்றால் பூட்டன் அவருக்கு, கலியாணம் இல்லை. பிழை இல்லை என்றால் கலியாணம் உண்டு, பூட்டன் இல்லை.

எஸ்தராள் விடவில்லை. “பங்காளி இல்லேன்னு அவுகளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நான் தடைய எடுத்துக்கிடுதேன். நாளப்பின்ன எங்க தாத்தா பேரச் சொல்லிக்கிட்டு யாரும் வரப்படாது” என்றாள். ஐயரும், காரணம் எழுதாமல் தடையை நீக்கினால் நாளைக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி வேறொருவர் வந்து கேள்வி கேட்பார், ஓலைப் புத்தகத்தில் அது எழுதப்பட்டே ஆகவேண்டும் என்றார்.

“அப்போ எங்க தாத்தா யாரு பிள்ள?” என்று ஆசீர்வாதம் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. ஐயர் இரண்டு நகல்களையும் மறுபடி புரட்டிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

லேயாள் அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “செத்தவுகளுக்கு நீங்க இல்லாமலும் நடக்கும். வெளிய நிக்கிறவளுக்கு நடக்காது.”

அவர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்தார். ஐயர் வாசகத்தைச் சொல்ல, ‘நான் ஞானாபரணத்தின் வழி வந்தவன் அல்ல’ என்று ஓலைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது. சாட்சியாக நான் கீழே கையெழுத்துப் போட்டேன். தேவராஜ் ஒரு அடி முன்னால் வந்து, “மாமா, போலாமா?” என்றான். அத்தனை வாரத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. அவர் அவனைப் பார்க்கவில்லை.

மணியார்டர் செலவை எழுதிவைத்த சீட்டு என் கையில் இருந்தது. வருஷக் கணக்கு முடிக்கும் நேரம், கமிட்டி கேட்குமே என்று எனக்குள் ஒரே அரிப்பு. அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது. வாசலில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் நின்றார்.

“அண்ணாச்சி, மத்த எல்லாத் தாளுக்கும் காசு முன்கூட்டி வெச்சேன். இந்தத் தாளுக்கு நான் குடுக்க மாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கலியாணம் நடந்தது. ஆசீர்வாதம் மகளைக் கைபிடித்துக் கூட்டிவந்து பீடத்தடியில் விட்டுவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சலவைக்கல் பேச்சு நின்றுபோயிற்று. பிறகு சபை மாற்றக் கடிதம் வாங்கிக்கொண்டு செம்பூர்ப் பக்கம் வேறு கோயிலுக்குப் போய்விட்டார். பூட்டனைப் பற்றி எழுதிய நாலு தாளை என்னிடம் கொடுத்து, உரிமைப்பட்டவர்களிடம் சேர்த்துவிடச் சொன்னார். ஆண் வழியில் உரிமைப்பட்டவன் தேவராஜ்தான். அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிப் புரட்டிப் பார்த்தான், தமிழ் அவனுக்கு அவ்வளவாக வாசிக்க வராது. இதை வைத்து என்ன செய்ய, அலமாரியிலேயே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஒருதரம் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் ஆசீர்வாதத்தைப் பார்த்தேன். ஞானாபரணத்தின் வரிசைக்குப் போகாமல் நடைபாதையிலேயே நின்றார். யாராவது வந்து புல் பிடுங்குகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தாராவிப் பக்கம் கல்லறை இடத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. சில வருஷத்தில் அந்த வரிசையை வெட்டி வேறு ஆட்களை வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாக்கியை நானே கட்டிவிடுகிறேன் என்று ஐயரிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் கமிட்டி முன்னால் அந்த வரி வரும்போது எனக்கு வேர்க்கும். அவர், அது உம்முடைய கடன் இல்லையே என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின் வந்த ஐயர்மாரும் அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆசீர்வாதம் இறந்துபோனார். அடக்கம் பண்ணுமுன் எந்தச் சபையிலும் பாக்கி இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மெர்சி அழுத முகத்தோடு கோயிலுக்கு வந்தாள், தலையில் நரை விழுந்திருந்தது. அப்பா பேரில் ஏதாவது இருக்கிறதா என்று பையைத் திறந்துகொண்டே கேட்டாள். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன், நாக்கு வரவில்லை. இருக்கிறது என்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குத் தகப்பன் கையெழுத்துப் போட்டது தெரியும், காசு கொடுக்க மறுத்தது அதுவரை தெரியாது.

வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை மூடினாள்.

“அப்பா குடுக்க மாட்டேன்னு சொன்னத நான் எப்படிக் குடுப்பேன்? அது அப்படியே இருக்கட்டும், மாமா.”

நான் சாவியோடு ஒப்படைத்துவிட்டு வந்த கணக்கில் வரவேண்டிய பாக்கி அது ஒன்றுதான்: ஆசீர்வாதம், செம்பூர், ஊர்ச் சபையில் தேடிய செலவு, மூன்று ரூபாய் இருபத்தைந்து பைசா.